எதிர்மனுதாரர் பிரதி

“ஏனுங்க, கேட்டைத் தொறங்க. எனக்கு ஷிப்டுக்கு நேரமாச்சு.”

“தொறக்க முடியாது அம்மணி.”

“ஏனுங்க?”

“அதை உன்ற காரைக் கேளு. தடம் பூரா எண்ணெய ஒழுக்கிப்போட்டு வந்து நிக்குது. நான் தென்னைக்குத் தண்ணி பாச்சறேன், நீ எண்ணெய் பாச்சறயா?”

சனிக்கிழமை, பொழுது அப்போதுதான் வெளுத்திருந்தது. கம்பிக் கேட்டுக்கு அந்தப் பக்கம் நஞ்சுண்டன், தோளில் துண்டு, கையில் சாவி. இந்தப் பக்கம் கிருபா, இன்ஜினை அணைக்காமலே காரைவிட்டு இறங்கி நின்றாள். கேட்டில் புதுச் சங்கிலி சுற்றியிருந்தது. யானையைக் கட்டலாம், அவ்வளவு பருமன்.

“எப்போ தொறப்பீங்க?”

“ஒழுக்கு நிக்கட்டும். பொறவு பாக்கலாம்.”

“கேட்டைப் பூட்டிப்போட்டா மெக்கானிக் கிட்ட எப்படீங்க கொண்டுட்டுப் போறது?”

“அது உங்க சோலி. எனக்கு ஒரு சொட்டு விழுகக் கூடாது. வெள்ளை வேட்டிய விரிச்சு அது மேல காரை நிறுத்து. ஒரு பகல் ஒரு ராத்திரி வேட்டி வெள்ளையாவே கெடந்தா நானே வந்து தொறக்கறேன். இல்லீன்னா, ஆளு நடக்கறதுக்கு ஓரத்துல சந்து விட்டிருக்கறனே, அதுல நடந்துக்குங்க. உங்க மாமனார் நடக்கலையா?”

காரமடைக்குப் போகிற தார் ரோட்டிலிருந்து பிரியும் அந்தத் தடம் இருநூறு கஜ நீளம். நஞ்சுண்டனின் தென்னந்தோப்பை இரண்டாகப் பிளந்துகொண்டு வந்து கிருபாவின் வாசலில் முடியும். முடிகிற இடத்தில் ஒரு காலத்தில் நாலு வீடுகள் இருந்தன. தோட்டத்தில் பாடுபட்டவர்களுக்கு அரசாங்கம் ஆளுக்கு மூன்று சென்ட் அளந்து கொடுத்த மனைகள். தடத்தில் முள்ளை வெட்டிப் போடுவது, மழைக்காலத்தில் வாய்க்காலைத் தடத்துக்குத் திருப்பிவிடுவது என்று ஒவ்வொரு வருசமும் ஒன்றைச் செய்து மூன்று குடும்பங்களை நஞ்சுண்டன் கிளப்பிவிட்டார். மிச்சம் இருந்தது ஜெரோமும் அவன் பெண்டாட்டி கிருபாவும். போன மாதம்தான் அவர்கள் வாசலை ஒட்டி இந்தக் கேட்டு முளைத்தது; பூட்டியது இப்போதுதான்.

கேட்டு முளைத்த அன்றைக்கே கிருபா ரெவின்யூ இன்ஸ்பெக்டரைக் கூட்டிவந்து காட்டினாள். ஆர்.ஐ. ஒரு பெண்மணி, வெயிலுக்கு முக்காடு போட்டுக்கொண்டு தடத்தை முழுக்க நடந்து பார்த்தார்.

“ஏனுங்க, இதுல வண்டி போறதுண்டுங்களா?” என்று கேட்டார்.

“வண்டியாவது? காலடித் தடமுங்க இது. நாலு மாசமாத்தான் வம்புக்குன்னு ஒரு பழைய காரை வாங்கியாந்து இவிங்க உருட்டறாங்க” என்று நஞ்சுண்டன் கூசாமல் சொன்னார்.

ஆர்.ஐ. கிருபாவைத் தனியே கூப்பிட்டார். “பத்திரத்துல வழின்னுதாம்மா இருக்குது. நடக்கற வழியா, வண்டி போற வழியான்னு இல்ல. ரொம்ப நாளா வண்டி போயிட்டிருந்துச்சுன்னு எழுத்துல ஏதாச்சும் இருந்தாக் கொண்டாங்க. வாய்ப்பேச்ச வெச்சுட்டு நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

எழுத்துக்கு எங்கே போவது? தான் நடக்கிற வழிக்கு எவன் காகிதம் எழுதி வைத்துக்கொண்டு நடக்கிறான்?

கிருபா காரை வாசலுக்கே திருப்பிக் கொண்டுவந்தபோது, “நாமளும் போயிரலாம் புள்ள” என்றான் ஜெரோம். போர்வெல் மோட்டார் கழற்றி மாட்டுகிற வேலை அவனுக்கு. ஐந்நூறு அடிக் குழாயை ஆழத்திலிருந்து இழுத்துப்போடுகிறவன், நஞ்சுண்டன் குரல் கேட்டால் வீட்டுக்குள் இருந்தபடியே எழுந்து நிற்பான். “சரவணம்பட்டிப் பக்கம் வாடகைக்கு ஒரு ஊடு பாத்துக்கலாம். உனக்கும் கம்பெனி பக்கம்.”

“போங்க. நீங்க போங்க. நான் இங்கதான் இருப்பேன்.”

“பண்ணாடிய எதுத்துட்டு...”

“அந்த வார்த்தைய என்ற காதுல விழுகச் சொல்லாதீங்க. எசமான்னு கும்புடறதெல்லாம் உங்கப்பனோட போகட்டும்.”

மெக்கானிக்குக்கு ஜெரோம் போன் போட்டான். ‘அந்தத் தோப்புக்குள்ளயா? அவரு வைவாருங்க’ என்று அவன் போனை வைத்துவிட்டான். இரண்டாவது ஆள் எடுக்கவே இல்லை.

“எந்தப் பக்கம் ஒழுகுது?” என்று கேட்டாள் கிருபா.

“வலது பக்கம். கியர்பாக்ஸ்லிருந்து சக்கரத்துக்கு ஒரு ஷாஃப்ட் வருதில்ல, அது கியர்பாக்ஸுக்குள்ள நுழையற வாயில. ஆயில் சீல் போயிருச்சு.”

“சீல்தானே? நாமளே மாத்தலாம்.”

“நீ கம்பெனில சீலப் பாத்திருக்கே. மாட்டியிருக்கியா?”

“நீங்க மாட்டுவீங்க. எதை மாட்டறோம்னு பாத்திருக்கீங்களா?”

கிருபா ஒன்பது வருடமாக ரப்பர் சீல் செய்கிற கம்பெனியில் சோதனைப் பிரிவில் உட்காருகிறாள். ஷாஃப்ட்டைச் சுற்றிக் கவ்வி எண்ணெயை ஒழுகவிடாமல் தடுக்கிற, வளையலை விடச் சற்றே சிறிய கறுப்பு வளையம். உள்விளிம்பில் மெல்லிய உதடு, அதைச் சுற்றி நூலாம்படைபோல ஒரு ஸ்பிரிங். அந்த உதட்டில் ஒரு மயிரிழை கிழிசல் இருந்தாலும் லென்ஸ் இல்லாமலே எடுத்து ஒதுக்கிவிடுவாள். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் உதடுகள். பேசாத உதடுகள் என்பதால் அந்த வேலை அவளுக்குப் பிடிக்கும்.

சந்து வழியாக நடந்து, பஸ் ஏறி, சீலும் இரண்டு லிட்டர் கியர் ஆயிலும் வாங்கிக்கொண்டு ஒன்பது மணிக்குத் திரும்பினாள். நஞ்சுண்டன் கேட்டுக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“கம்பெனிக்கு லீவா அம்மணி?”

“ஆமாங்க. உங்க புண்ணியத்துல.”

“ஆரு சரி பண்றது?”

“நாங்கதானுங்க.”

“பொம்பளையா? சரிதான். அப்ப இந்தக் கேட்டு எங்க பேரன் காலம் வரைக்கும் நிக்கும்.”

சக்கரம் தரையில் இருக்கும்போதே நடுவில் இருக்கிற பெரிய நட்டைத் தளர்த்த வேண்டும். ஜெரோம் ஸ்பேனரின் வாலில் போர்வெல் குழாய்த் துண்டைச் செருகி, அதன் மேல் ஏறி நின்று குதித்தான். நட்டு அசையவில்லை.

“இன்னும் ரெண்டு தரம் சோறு தின்னுட்டு வாடா ஜெரோமு” என்றார் நஞ்சுண்டன்.

“சரிங்க” என்றான் ஜெரோம்.

“என்ன சரிங்க? எதுக்குச் சரிங்க?” கிருபா அவன் காதுக்குப் பக்கத்தில் சீறினாள். “குதிங்க.”

அந்தக் கோபம் யார் மேலோ, நட்டு மேல் இறங்கியது. கிறீச்சென்று திரும்பியது.

ஜாக்கி போட்டுத் தூக்கி, கீழே பனங்கட்டை கொடுத்துச் சக்கரத்தைக் கழற்றினார்கள். பழைய அலுமினிய அண்டாவை அடியில் வைத்துக் கியர் ஆயிலை வடியவிட்டார்கள். கந்தகம் கலந்த அந்த நாற்றம் வாசல் முழுக்கப் பரவியது. சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கையின் போல்ட்டைப் பிடுங்கி, முழுசையும் வெளிப்பக்கம் இழுத்து, ஷாஃப்ட்டின் ஒரு முனையை விடுவித்தான் ஜெரோம். மறுமுனை கியர்பாக்ஸில் கவ்விக்கொண்டிருந்தது. நெம்புகோலை இடுக்கில் கொடுத்து ஒரே தட்டு. ‘டக்’. ஷாஃப்ட் கழன்று வந்தது. பின்னாலேயே மிச்சமிருந்த எண்ணெய் அவன் சட்டையிலும், காரின் அடிச் சட்டத்திலும், தரையிலும் கொட்டியது.

“ஊத்து, ஊத்து. செல்போன்ல எடுத்துட்டேன்” என்றது நாற்காலி.

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி தெய்வாத்தாள் காப்பி டம்ளரோடு வந்தாள்.

“ஏனுங்க, நம்ம மோட்டார் காலைலிருந்து ஓடுல. வாழை வாடிக் கெடக்குது. நீங்க இங்க உக்காந்து அடுத்தவிங்க காரு ஒழுகறதப் பாத்துட்டு இருக்கறீங்க.”

“நீ போ.”

“போறேன். மோட்டார் பாக்கறவனும் உங்க கேட்டுக்கு உள்ளதான் மாட்டியிருக்கறான், தெரியுமில்ல?”

ஜெரோம் தலையைத் தூக்கினான். கிருபா அவனை மறுபடி காருக்கு அடியில் தள்ளினாள்.

பழைய சீலை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தது அவளேதான். அது உட்கார்ந்திருந்த வாயில் கீறல் விழக் கூடாது. விழுந்தால் புதுசும் ஒழுகும். எடுத்து, சேலைத் தலைப்பில் துடைத்து, வெயிலில் பிடித்துத் திருப்பினாள். முகம் மாறியது.

“இதை எப்ப போட்டது?”

“ரெண்டு வருசத்துக்கு முன்னால. நான்தான் வாங்கியாந்தேன். மெக்கானிக் மாட்டினான்.”

“என்ன சொல்லி வாங்குனீங்க?”

“ஷாஃப்ட் சீலுன்னு.”

“இந்தா, இங்க ஒரு அம்பு இருக்குது, பாருங்க. ஷாஃப்ட் எந்தப் பக்கமாச் சுத்துதுன்னு. இது இடது பக்கத்து சீல். வலதுல மாட்டியிருக்கீங்க. சுத்தச் சுத்த எண்ணெய உள்ள தள்ளறதுக்குப் பதிலா வெளிய தள்ளிட்டு இருந்திருக்குது. ரெண்டு வருசமா.”

“ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்குது...”

“உங்களுக்கு எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கும். கும்புடறதும் ஒரே மாதிரி, பயப்படறதும் ஒரே மாதிரி.”

ஜெரோம் ஸ்பேனரைத் தரையில் எறிந்தான். “நீயே மாட்டிக்க!”

“எடுங்க அதை. சண்டைய சாயங்காலம் வெச்சுக்கலாம். அவரு பாக்கறாரு.”

அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், சந்தோசமாக.

புதுச் சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, ஸ்பிரிங் இருக்கிற பக்கம் உள்நோக்கி வைத்தாள். மேலே பிளாஸ்டிக் குழாயின் மூடி ஒன்றைப் பொருத்தி, சுற்றிச் சுற்றிக் கொஞ்சங்கொஞ்சமாகத் தட்டினாள். ஒரு பக்கம் முந்தினால் உதடு கோணும். விளிம்போடு விளிம்பு படிந்ததும் நிறுத்தினாள். ஷாஃப்ட்டின் பல்முனை உதட்டைக் கிழித்துவிடாதபடி ஜெரோம் அதை ஏந்திப் பிடிக்க, அவள் விரலால் வழிகாட்ட, இரண்டு பேரும் உள்ளே செலுத்தினார்கள். ‘டக்’ என்று கவ்வியது. எல்லாம் பூட்டி, எண்ணெய் நிரப்பி, டீசல் நனைத்த துணியால் அடியெல்லாம் துடைத்து முடிக்கும்போது மணி மூன்று. பத்து நிமிடம் இன்ஜினை ஓட்டிச் சக்கரத்தைச் சுழலவிட்டுப் பார்த்தாள். சீல் வாய் காய்ந்த தரை போல இருந்தது.

ஜெரோமின் ஈஸ்டர் வேட்டியை எடுத்துக் காருக்கு அடியில் விரித்தாள். நஞ்சுண்டன் சந்து வழியாகக் கழுத்தை நீட்டி, வேட்டி வெள்ளைதானா என்று பார்த்துக்கொண்டார். காலை வைக்கவில்லை. அந்த வாசலில் அவர் என்றைக்கும் காலை வைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு நாற்காலி திரும்பி வந்தது.

“வேட்டிய எடு அம்மணி.”

எடுத்தாள். நடுவில் ஒரு சொட்டு. கால் ரூபாய்க் காசு அளவு, மஞ்சளாய்.

“ஹா!” என்றார் நஞ்சுண்டன். வயிற்றிலிருந்து வந்தது அந்தச் சத்தம்.

கிருபா மல்லாந்து படுத்துக் காருக்கு அடியில் கையைவிட்டுத் தடவினாள். சீல் காய்ந்துதான் கிடந்தது. அதற்குக் கீழே அடிச் சட்டத்தின் மடிப்பில், துணி எட்டாத இடத்தில், நேற்றுக் கொட்டியது தேங்கி நின்று ஒரே ஒரு சொட்டாய்க் கசிந்திருக்கிறது.

“ஏனுங்க, இது நேத்துக் கொட்டுனது. சட்டத்துல தேங்கி நின்னுருக்குது. சீல் ஒழுகுலீங்க. வந்து தொட்டுப் பாருங்க.”

“சொட்டு சொட்டுதான். கேட்டு கேட்டுதான்.”

“இன்னொரு நாள் விரிச்சு வெக்கறனுங்க.”

“நாளைக்குத் திங்கக்கெழமை. கலெக்டர் ஆபீஸ்ல மனு நாள். எழுதறேன் பாரு. தடத்தை நாசம் பண்றாங்க, காரைப் பறிமுதல் பண்ணோணும்னு எழுதறேன்.”

நஞ்சுண்டனுக்கு மனு எழுதுவது மற்றவர்கள் வெற்றிலை போடுகிற மாதிரி. தெருவிளக்கு, குரங்கு, பக்கத்துத் தோட்டத்து மயில், எதையும் விட்டதில்லை. முழுநீளத் தாள், நடுவில் இரண்டு கார்பன், மூன்று பிரதி. ஒன்று அதிகாரிக்கு, ஒன்று வீட்டுப் பெட்டிக்கு, ஒன்று எதிர்மனுதாரருக்கு. எதிராளிக்கும் பிரதி கொடுப்பதுதான் சட்டம் தெரிந்தவனுக்கு அழகு என்பது அவர் எண்ணம். ஒவ்வொரு மனுவும் அவருக்குத் தனி உலகம். ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் நினைத்துப் பார்க்க மாட்டார்.

ஆர்.ஐ. சொன்னது கிருபாவுக்கு ஞாபகம் வந்தது. ‘எழுத்துல ஏதாச்சும் இருந்தாக் கொண்டாங்க.’ எழுந்து கையை வேட்டியிலேயே துடைத்தாள்.

“எழுதுங்க. ஆனா உள்ளதை எழுதுங்க. நாலு மாசமாத்தான் ஒழுகுது.”

“நாலு மாசமா? ஆரு கிட்டப் புளுகறே?”

“காரு வந்தே நாலு மாசம்தானுங்களே.”

ஜெரோம் திடுக்கிட்டுத் திரும்பினான். “கிருபா, என்ன நீ...” அவன் கால் மேல் அவள் கால் ஏறி நின்றது.

“நாலு மாசமாம்!” நஞ்சுண்டன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “என்ற மவ நந்திதா கண்ணாலத்துக்குப் பந்தல் போட்ட வாரம் இதே காரை இவன் ஓட்டிட்டு வந்தான். பந்தக்காலை நவுத்தச் சொல்லி ஹார்ன் அடிச்சான், எனக்கு! பதினோரு வருசமாச்சு, இன்னம் காதுல கேக்குது.”

“சும்மா சொல்லாதீங்க. எப்பவாச்சும் ஒரு தடவை வந்திருக்கும்.”

“தெனமும்! காலைல ஒருக்கா, பொழுதோட ஒருக்கா!”

“அதுக்கு முன்னால எங்க மாமனாரெல்லாம் நடந்துதானே போனாரு? நீங்கதானே சொன்னீங்க?”

“நடந்தானா? கருப்புசாமியா? மாட்டுவண்டில எருவு ஏத்திட்டுப் போயி தடம் பூரா இறைச்சுட்டுத்தான் போவான். அப்பனுக்குச் சாணி, மவனுக்கு எண்ணெய்.”

“இதையெல்லாம் எழுத உங்களுக்குத் தைரியம் இருக்குதுங்களா?”

ஜெரோமுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “உனக்குப் பைத்தியமா புள்ள?” என்று பல்லுக்குள் கேட்டான். அவள் திரும்பவே இல்லை.

நஞ்சுண்டன் தாளும் கார்பனும் கொண்டுவரச் சொல்லித் தோப்பைப் பார்த்துக் கத்தினார். தெய்வாத்தாள் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தூணைப்போல நின்றாள். ஒரு பலகையை மடியில் வைத்து, பேனா தாளைக் கிழித்துவிடும்போல அழுத்தி அழுத்தி எழுதினார். அரை மணி நேரம். மூன்று பிரதியிலும் கையெழுத்து, தேதி, கீழே கைபேசி எண். முடித்ததும் மூன்றாவது பிரதியைக் கேட்டுக்கு மேலாக வீசினார். அது கிருபாவின் காலடியில் விழுந்தது.

“படி. உன்ற புருசனுக்கும் படிச்சுக் காட்டு.”

கிருபா எடுத்து நாலாய் மடித்தாள். படிக்கவில்லை.

“நீங்கதான் படிங்களேன், கேக்கலாம்” என்றாள் தெய்வாத்தாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “...மேற்படி தடத்தில் மேற்படி ஜெரோம் என்பவரும், அவர் தகப்பனார் காலஞ்சென்ற கருப்புசாமி என்பவரும், சுமார் முப்பது வருட காலமாக மாட்டுவண்டி மற்றும் கார் ஆகியவற்றை அனுதினமும் இருவேளையும் ஓட்டி, சாணி மற்றும் எண்ணெய் சிந்தி, மனுதாரராகிய எனக்குச் சொல்லொணாத் துன்பம்...”

“ஏனுங்க” என்றாள் தெய்வாத்தாள். “போன மாசம் அந்த ஆர்.ஐ. அம்மா கிட்ட இதுல வண்டியே போனதில்லைன்னு சொன்னீங்களே?”

தோப்பில் ஒரு மட்டை விழுந்தது. நஞ்சுண்டன் தன் பிரதியை மேலிருந்து இன்னொரு தரம் படித்தார்.

“அம்மணி” என்றார் நஞ்சுண்டன். குரல் இறங்கியிருந்தது. “அந்தக் காயிதத்தைக் குடு. தேதி தப்பாப் போட்டுட்டேன்.”

“பரவால்லீங்க. தப்போடயே இருக்கட்டும்.”

“குடுன்னு சொல்றேன்!”

“எங்க பிரதியுங்க இது. சட்டம் உங்களுக்குத் தெரியாததா?”

அவர் சங்கிலியைப் பிடித்து ஆட்டினார். பூட்டு அவருடையது, சாவி வீட்டில் மாட்டியிருந்தது. சந்து வழியாக நுழையலாம். ஆனால் அந்த வாசலில் காலை வைக்க வேண்டும். அவருடைய கால் தூக்கியது தூக்கியபடி நின்று, திரும்பிப் போனது.

“நீங்க எதுக்கு வேடிக்கை பாக்கறீங்க?” என்று கிருபா ஜெரோமிடம் எரிந்து விழுந்தாள். “போயி அந்தச் சட்டத்தை நல்லாத் தொடைங்க.”

திங்கட்கிழமை கிருபா கொண்டுபோய்க் கொடுத்த அந்தத் தாளை ஆர்.ஐ. இரண்டு தடவை படித்தார். “இது அவரே எழுதுனதுங்களா?”

“அவரேதானுங்க. கையெழுத்து, தேதி, போன் நம்பர், எல்லாம் இருக்குது.”

ஆர்.ஐ. போனை எடுத்தார். மறுமுனையில் நஞ்சுண்டன் என்ன சொன்னாரோ, இவர் சொன்னது மட்டும் கேட்டது: “நீங்க எழுதுனது என் கையில இருக்குதுங்க... இல்லீங்க, சாணியப் பத்திப் பேசலீங்க, வண்டியப் பத்திப் பேசறேன்... விசாரணை முடியற வரைக்கும் கேட்டு தொறந்துதான் இருக்கோணும்.”

செவ்வாய்க்கிழமை விடிகாலை சங்கிலி கழன்று தொங்கியது. சாவியோடு வந்தவள் தெய்வாத்தாள். கிருபாவைப் பார்த்துச் சிரிக்கவில்லை. “உனக்காகத் தொறக்குல. மோட்டார் பாக்கறவன் சாமானோட வெளிய வரோணும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கிருபா கியரைப் போட்டாள். நஞ்சுண்டன் தடத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். கார் தாண்டியதும் பின்னாலேயே நடந்து வந்தார், குனிந்து குனிந்து, கையில் டார்ச்சோடு, ஒவ்வொரு அடியாகத் தரையைப் பார்த்துக்கொண்டு. தார் ரோடு வரைக்கும் வந்தார். ஒன்றும் அகப்படவில்லை.

அவள் ரோட்டு முனையில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள்.

“விழுந்துச்சுங்களா?”

“விழுகும்” என்றார். மூச்சு வாங்கியது. “இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு. விழுகாமப் போயிருமா?”

“விழுந்தா எழுதுங்க” என்றாள் கிருபா. “எங்களுக்கொரு பிரதி குடுத்துப்போடுங்க.”